நார்விரிப்புக்கு வெளியே

முதலில் ஒரு மன்னிப்பு. நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தவரின் துன்பத்தை, ஒரு வாரக் காய்ச்சலுக்கு மேல் அறியாத நான் எழுதத் துணிந்தது தகாத செயல்தான். இது என் முதல் தொடர். மருத்துவத்தையும் கோவில் வழக்கத்தையும் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டே எழுதுகிறேன். பிழை தென்பட்டால் பெரிய மனத்துடன் பொறுத்து, எனக்கு ஒரு வரி எழுதித் தெரிவிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். சென்ற வாரம் விட்ட இடத்தைச் சுருக்கமாக நினைவூட்டிவிட்டுத் தொடர்கிறேன்.

சித்திரைக்குளத்தை ஒட்டிய அடுக்ககம் ஒன்றின் முதல் தளத்தில் வசிப்பவள் ஜானு. மந்தைவெளியில் ஒரு பள்ளியில் பூகோளம் கற்பித்தவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாதாரணக் காய்ச்சலின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு நரம்பு நோய் முதலில் அவள் பாதங்களை மரத்துப்போகச் செய்தது. பின்னர் முழங்கால், இடுப்பு, கை என்று ஏறி, மூச்சு வரை வந்து நின்றது. சுவாச இயந்திரத்தின் தயவில் கிடந்தவள் மெல்ல மீண்டாள். காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டு, குளிப்பாட்டுவது முதல் தலை வாரிப் பின்னுவது வரை அவளுக்கு எல்லாமுமாக இருந்தவர் கணவர் ஸ்ரீரங்கன். இப்போது ஜானு, கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையை மாட்டிக்கொண்டு, கூடத்திலிருந்து சமையலறை வரை தானே நடக்கிறாள்.

அவள் உயிருக்குப் போராடிய நாளில், கேசவப் பெருமாள் கோவில் தாயாரிடம் ஸ்ரீரங்கன் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். அவள் பிழைத்து எழுந்தால் அவளே கோவிலை அடிப்பிரதட்சிணமாகச் சுற்றுவாள் என்பது வேண்டுதல். ஒரு பாதத்தின் விரல் நுனியை மறு பாதத்தின் குதிகால் தொடும்படி, அடியோடு அடி ஒட்டி வைத்துப் பிரகாரத்தை வலம் வருவதுதான் அடிப்பிரதட்சிணம். இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்த அந்த வேண்டுதலைச் சென்ற வாரம்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

இன்று, பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

"அப்பா, வேண்டிண்டது நீ. நடக்கறது அம்மாவா?"

மகள் மாளவிகா அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்றாள். ஸ்ரீரங்கன் காபி ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தால எனக்கு வேற என்னடி தோணும்? அவ நடக்கணும்னு கேட்டேன். நடந்தா முதல்ல உன்கிட்டதான் வந்து நடப்பான்னு தாயார்கிட்ட சொன்னேன்."

"அதுக்கு அடிப்பிரதட்சிணமா? ஒரு அர்ச்சனை, ஒரு புடவைன்னு வேண்டிக்கப்படாதா?"

"உசிரைக் கேக்கறச்சே புடவையா குடுப்பா?"

"அவளுக்கு நேரா நிக்கவே முடியலைப்பா!"

"போன மாசம் அவளுக்கு ஜுரம் வந்தது. அதுக்கு முந்தி மூத்திரத்துல கிருமி. எல்லாம் எதனாலன்னு நெனைக்கற?"

"கிருமியாலப்பா."

வேறொரு நாளாயிருந்தால் ஜானு சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவள் உடம்பைப் பற்றிய பேச்சுகள் அனைத்தும் இப்படித்தான் அவள் தலைக்கு மேலே நடந்தன. எந்தப் பக்கம் புரட்டுவது, எப்போது பால் கொடுப்பது, ஜன்னலைத் திறக்கலாமா கூடாதா என்று. இப்போது அவள் கால்களையும் அவர்களே பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் கணவரின் முகத்தை அவள் பார்த்தாள். அவளுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அந்த முகம் வெளுத்துப்போகிறது. வேண்டுதல் நிறைவேறும்வரை அது வெளுத்துக்கொண்டேதான் இருக்கும்.

"நான் போறேன்" என்றாள் ஜானு.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, விழுந்தேன்னா?"

"விழாம நடக்கறேன். உங்கப்பாவோட சண்டை போட்டது போறும். அவர் மாத்திரை போட்டுண்டாரான்னு கேளு."

"அது கிடக்கட்டும், உன் மாத்திரையைக் கொண்டு வரேன்" என்று ஸ்ரீரங்கன் பால்கனியை ஒட்டிய மருந்து அலமாரிப் பக்கம் விரைந்தார். சர்க்கரை நோய்க்கு அவர் மாத்திரை விழுங்குவது, நினைவு வந்தால் உண்டு. அவள் மாத்திரைக்கு மட்டும் நேரம் பிசகியதே இல்லை.

திரும்பி வந்தவரைப் பார்த்து மாளவிகா கோபத்தையும் மீறிச் சிரித்துவிட்டாள். "அப்பா, ஒரு கால்ல செருப்பு இருக்கு. இன்னொண்ணு எங்கே?"

குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. அது பால்கனிக் கதவருகே கவிழ்ந்து கிடந்தது.

"கழண்டுடுத்து போலிருக்கு. பழைய செருப்பு" என்றார்.

*

ஆசிஃப் அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டான். திருவல்லிக்கேணிக்காரன், இயன்முறை மருத்துவம் படித்தவன். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குள் எல்லா வீடுகளையும் முடித்துவிடுவான்.

"கண்ண மூடுங்க மாமி. கால் பரீட்சை."

அவன் முதலில் வைப்பது இந்தப் பரீட்சையைத்தான். பாதத்தில் எதையாவது தொட வைத்து, அது என்னவென்று கேட்பான்.

"இப்ப?"

"பஞ்சு. சுண்டு விரல்."

"சூப்பர். இப்ப?"

"ஜில்லுன்னு ஏதோ. ஸ்பூன்."

"இப்ப?"

ஜானு தயங்கினாள். "தொடறது தெரியறது. என்னன்னு தெரியலை."

"கண்ணத் தொறங்க. வெந்நீர்ல முக்கின ஸ்பூன்." ஆசிஃப் அதைத் துடைத்து வைத்தான். "சூடுதான் கடைசியா வரும் போல. பரவால்ல. சூடு தெரியாத காலுக்குக் கண்ணுதான் செருப்பு. எங்க மிதிக்கிறோம்னு பாத்துப் பாத்து வையுங்க. சரி, எந்திரிங்க."

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியின் கையைப் பிடிக்காமல், முன்னால் சாய்ந்து எழுவது. அவ்வளவுதான் பயிற்சி. ஒரு குழந்தை செய்வது. ஜானு முயன்றாள். தொடைகள் பாதி வழியில் மறுத்துவிட்டன. கை தானாக நாற்காலியைப் பற்றியது.

"இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு" என்றான் ஆசிஃப், முகத்தில் எதையும் காட்டாமல்.

அப்போதுதான் ஸ்ரீரங்கன் கோவில் விஷயத்தைச் சொன்னார். ஆசிஃப் பஞ்சை உருட்டிக்கொண்டே முழுவதும் கேட்டான்.

"மாமா, வேண்டுதல் விஷயத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன். எங்கம்மா நாகூருக்கு வேண்டிக்கிட்டு என்னத்தான் மொட்டை அடிச்சாங்க. ஆனா கால் விஷயம் என்னுது. அடி ஒட்டி நடக்குறது எங்க பாடத்துலயே கடைசிப் பாடம். கயித்து மேல நடக்குற மாதிரி. மாமி இன்னும் கைய ஊனாம நாற்காலிய விட்டே எழுந்துக்கல. பட்டையும் இல்லாம, வெறுங்கால்ல. விழுந்து இடுப்பு எலும்பு போச்சுன்னா மறுபடி படுக்கை. ரெண்டாவது வாட்டி எழுந்துக்கறது ரொம்பக் கஷ்டம் மாமா."

ஸ்ரீரங்கன் துண்டை மடித்தார், பிரித்து மறுபடி மடித்தார்.

"கேட்டுண்டுதான் இருக்கேன், ஆசிஃப்" என்றாள் ஜானு. "போறதுன்னு ஆயிடுத்து. எப்படிப் போனா விழமாட்டேன்? அதைச் சொல்லுங்கோ."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். "மடக்கு ஸ்டூல் ஒண்ணு கூடவே வரணும். கால் நடுங்குறதுக்கு முன்னாடி உக்காந்துடணும். நடுங்கினப்புறம் உக்காந்தா அதுக்குப் பேரு உக்கார்றது இல்ல, விழுறது. யார் இன்னா சொன்னாலும் உக்காந்துடணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் கண்கள் ஸ்ரீரங்கன் மீது இருந்தன.

*

டில்லிபாபுவின் ஆட்டோ வாசலில் நின்றது. அவளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஏற்றி இறக்கியவன் அவன்தான்.

"இன்னா சார், கோயிலு எட்டிப் புடிக்கிற தூரத்துல கீது, ஆட்டோவா?" என்று தொடங்கியவன், ஜானு கம்பியைப் பிடித்துத் தானே ஏறுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். பிறகு, "யம்மா, அன்னிக்கு உன்னிய மூட்ட கணக்கா தூக்கிகினு போனேன். இன்னிக்கு நீயே ஏறி குந்திக்கினியே! சவாரிக்குத் துட்டு வாணாம் போ" என்றான்.

"வழியைப் பார்த்து ஓட்டு டில்லிபாபு" என்றாள் ஜானு. கண் கலங்கியதை அவன் பார்த்துவிடக் கூடாது என்று.

மெட்ரோ வேலைக்காகத் தெருவை அடைத்திருந்தார்கள். திரும்பிய இடத்தில் தண்ணீர் லாரி. அதற்குப் பின்னால் ஒரு கல்யாண வேன். எட்டிப் பிடிக்கும் தூரத்தைச் சுற்றிச் சுற்றிக் கடந்து அவர்கள் கோவில் வாசலில் இறங்கியபோது, வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. நடை சாத்தும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

செருப்பு வைக்கும் இடத்தில் மாளவிகா குனிந்து அம்மாவின் கால் பட்டையைக் கழற்றினாள். பட்டை இல்லாத பாதம் மீன் வாலைப்போல் தொங்கிற்று.

"அம்மா, இப்பவும் ஒண்ணும் மோசம் போகலை. தாயாரைச் சேவிச்சுட்டுத் திரும்பிடலாம்."

"ஸ்டூலை எடுத்துண்டு வா" என்றாள் ஜானு.

பிரகாரத்தைச் சுற்றிலும் தேங்காய் நார்விரிப்புப் போட்டு நீர் தெளித்திருந்தார்கள். ஒருவர் நடக்கும் அகலம். அதற்கு இருபுறமும் கருங்கல். அந்தக் கல்லின் மேல் கால் வைத்துவிட்ட ஒரு குடும்பம் "உஸ், உஸ்" என்று குதித்துக்கொண்டே மண்டபத்து நிழலுக்கு ஓடிற்று.

ஜானு கொடிமரத்தை நோக்கிக் கைகூப்பினாள். வலது பாதத்தை வைத்தாள். இடது பாதத்தைத் தூக்கி, வலது பாதத்தின் விரலோடு குதிகாலை ஒட்டினாள். உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. ஸ்ரீரங்கனின் கை முழங்கையைப் பற்றியது.

"நான் இருக்கேன்" என்றார்.

விரிப்பில் இருவர் சேர்ந்து நடக்க இடமில்லை. அவர் கல்லின் மேல் அவளுக்கு இணையாக வந்தார். பின்னால் மாளவிகா, ஸ்டூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

அடுத்த அடி. அதற்கடுத்தது. ஜானு தன் பாதங்களைத் தவிர எதையும் பார்க்கவில்லை. தூக்குவதற்குத் தொடையைக் கெஞ்ச வேண்டியிருந்தது. வைப்பதற்குக் கணுக்காலைக் கெஞ்ச வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கனின் உதடுகள் நாமாவளியைச் சொல்லிக்கொண்டே வந்தன. முதல் பக்கம் முடிந்து திரும்பினார்கள். முதுகில் வேர்வை ஓடிற்று. மடைப்பள்ளிப் பக்கத்திலிருந்து புளியோதரை மணம் வந்தது. நார் உள்ளங்காலைக் குத்துவது அவளுக்குத் தெரிந்தது. நேற்றுவரை தெரியாத குத்தல்.

"பாதி வந்துட்டோம், ஜானு" என்றார் அவர். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் நிறம் வந்திருந்தது. அதைப் பார்த்ததற்காகவே இன்னொரு பாதி நடக்கலாம் என்று தோன்றிற்று அவளுக்கு.

கோவிலின் பின்புறத்தைக் கடந்து, கடைசிப் பக்கத்துக்குத் திரும்பும் மூலையில், ஓடிய பிள்ளைகளின் கால் பட்டு விரிப்பு விலகிக் கிடந்தது. அவள் கவனிக்கவில்லை. இடது பாதம் கல்லின் மேல் படிந்தது.

"ஆ!"

அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தடுமாறியவளை இரண்டு பேரும் தாங்கினார்கள்.

"என்ன? என்ன ஆச்சு?"

"சுடறது." ஜானு மூச்சு வாங்கினாள். பிறகு அவள் முகம் விரிந்தது. "ஏன்னா, சுடறது! மாளு, எனக்குச் சூடு தெரியறதுடி!"

"அம்மா!" மாளவிகா ஓர் அடி முன்னால் வந்தவள், "ஐயோ" என்று துள்ளி மீண்டும் விரிப்பில் ஏறிக்கொண்டாள். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

ஸ்ரீரங்கனும் சிரித்தார். அவளுடைய முழங்கையைப் பற்றியபடி, இரு பாதங்களையும் அழுந்த ஊன்றி, அதே கல்லின் மேல் நின்றுகொண்டு.

ஜானுவின் சிரிப்பு நின்றது.

அவள் அவருடைய பாதங்களைப் பார்த்தாள். வீட்டுக் கூடத்தில் நிற்பதைப்போல் நின்றன. ஒரு விரல்கூட மடங்கவில்லை. கொடிமரத்திலிருந்து இதுவரை அவர் விரிப்பில் கால் வைக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் பால்கனிக் கதவருகே கவிழ்ந்து கிடந்த செருப்பும் நினைவுக்கு வந்தது. காலிலிருந்து செருப்பு கழன்று போவது தெரியாமல் நடப்பவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு நோய் அப்படித்தான் ஆரம்பித்தது.

"உங்களுக்குச் சுடலையா?"

"வெயில்தானே, சுடாம இருக்குமா? நீ நட. நடை சாத்திடப்போறா."

"கல்லு சுடலையான்னு கேட்டேன்."

"பழகிடுத்து. அதோ பார், கொடிமரம் தெரியறது. இன்னும் கொஞ்சம்தான், ஜானு."

"மாளு, ஸ்டூலைப் போடு."

"இல்லை, இல்லை!" ஸ்ரீரங்கன் பதறினார். "இப்ப உக்காராதே. ஒரு பக்கம்தானே பாக்கி. நான் தாங்கிக்கறேன். நடுவுல உக்காந்தா அது பிரதட்சிணமே ஆகாது. ஜானு, உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

"ஸ்டூலைப் போடுடி."

அவள் அமர்ந்தாள். அவர் முகத்தில் அப்போதுதான் ஏறியிருந்த நிறம் வடிந்து போனதைப் பார்த்துக்கொண்டே அமர்ந்தாள். மெலிந்த கைகளை நீட்டினாள்.

"காலைக் காட்டுங்கோ."

"கோவில்ல வெச்சு என்ன இது? நீ என் காலைத் தொடறதாவது!"

"இந்த ரெண்டு வருஷத்துல என் உடம்புல நீங்க தொடாத இடம் உண்டா? காட்டுங்கோ."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். ஜானு பாதத்தை மடியில் வாங்கித் திருப்பினாள். மாளவிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளங்கால் முழுவதும் வெளுத்துக் கொப்பளித்திருந்தது. ஒரு கொப்புளம் ஏற்கெனவே உடைந்து தோல் உரிந்திருந்தது. அதுகூடப் பெரிதில்லை. குதிகால் ஓரத்தில், இன்றைக்கு உண்டாகாத ஒரு புண். விளிம்பு கறுத்து, நடுவில் குழி விழுந்து, ஈரமாக இருந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"எது?" என்று கேட்டார் ஸ்ரீரங்கன். உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

ஜானு அவர் சுண்டு விரலை அழுத்திக் கிள்ளினாள். "கண்ணை மூடிக்கோங்கோ. எந்த விரல்?"

அவர் கண்ணை மூடினார். பள்ளிப் பிள்ளையைப்போல் யோசித்தார். "கட்டை விரலா?"

அவளுடைய இரு கைகளிலும் அவர் பாதம் இருந்தது. அதை விடாமல், முன்னால் சாய்ந்து, ஸ்டூலிலிருந்து எழுந்தாள். எழுந்துவிட்டாள் என்பது நின்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பாதத்தை விரிப்பின் மேல் பதமாக வைத்தாள்.

"நீங்க உக்காருங்கோ. மாளு, ஓடிப்போய் டில்லிபாபுவைக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பிரதட்சிணம் முடியலையே, ஜானு" என்றார் அவர், ஸ்டூலில் அமர்ந்தபடி. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. "உனக்கு மறுபடியும் ஏதாவது வந்துடுத்துன்னா?"

"வந்தா எனக்குத் தெரியும். எனக்கு வலிக்கும்" என்றாள் ஜானு. "உங்களுக்குத்தான் தெரியாது."

*

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். உள்ளே எலும்புவரை போயிருக்கிறதா என்று படம் எடுத்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். காலைக் காப்பாற்றுவதைப் பற்றி அவர் பேசியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். இன்றே சேர்ந்துவிட வேண்டும் என்பதை மட்டும் உரக்கச் சொன்னார்.

"சேர்றதாவது!" ஸ்ரீரங்கன் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். "நான் இங்கே படுத்துண்டா இவளை யார் பார்த்துப்பா? மருந்து குடுத்து அனுப்புங்கோ டாக்டர், ஆத்துல நான் பார்த்துக்கறேன்."

"சார், காலை ஊனக் கூடாது. படுங்க" என்றார் மருத்துவர்.

"அப்பா, நான் இருக்கேன் இல்லையா?" என்றாள் மாளவிகா. அவளுடைய கைப்பேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. அலுவலகம். அவள் எடுக்கவில்லை.

படிவம் எழுதிக்கொண்டிருந்த செவிலி நிமிர்ந்து மூவரையும் பார்த்தார். "பேஷன்ட் கூட ராத்திரி தங்கப்போறது யாரு? ஒருத்தர்தான் தங்கலாம்."

மாளவிகா வாயைத் திறந்தாள். அதற்குள் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. பட்டை இல்லாத காலோடு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றுகொண்டிருந்த ஜானுவின் குரல்.

"நான்."

செவிலி அவள் காலைப் பார்த்தார். ஸ்ரீரங்கனும் பார்த்தார். அந்தக் கால் நடுங்கத் தொடங்கியிருந்தது.

அன்று அந்தக் குடும்பம் இழந்தவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பிரகாரத்தின் கடைசிப் பக்கம் நடக்கப்படாமல் நின்றது. கால் பட்டை அவசரத்தில் கோவில் வாசலிலேயே விட்டுப்போயிற்று. டில்லிபாபு திரும்பிப் போய்த் தேடியும் கிடைக்கவில்லை. ஸ்ரீரங்கனுக்கு உள்ளங்கால் தோலும், குதிகாலில் மருத்துவர்கள் அறுத்தெடுத்த ஒரு துண்டுச் சதையும் போயின. "நான் பார்த்துக்கறேன்" என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் நம்பிய வழக்கம் அந்த வீட்டில் அன்றோடு போயிற்று. இவற்றுக்கெல்லாம் முன்பே, அவர் பாதங்களின் உணர்ச்சி போயிருந்தது. அது எந்த நாளில் போயிற்று என்பதை, அவர் உட்பட, ஒருவரும் பார்த்திருக்கவில்லை.